தண்டனை யாருக்கு?

சனிக்கிழமை இரவென்றால் எங்கள் விடுதியில் படிப்பு நடவாது. மலையாளியும் வங்காளியும் மணிப்பூரியும் நானும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து இங்கிலாந்துக் கால்பந்துக்காகத் தொண்டை கிழியக் கத்துவோம். சென்ற வாரம் ஆட்டம் முடிந்தபின் ஒரு வழக்கு எழுந்தது. தனி லீக் அமைக்கப் புறப்பட்ட பணக்காரக் கழகங்களைத் தண்டிப்பது முறையா? "அவர்கள் கழகம், அவர்கள் பணம்; உமக்கென்ன?" என்றார் வங்காள நண்பர். அன்று எனக்கு விடை வரவில்லை.

2021 ஏப்ரல் 18ஆம் நாள் ஐரோப்பாவின் பன்னிரண்டு பெருங்கழகங்கள் ‘சூப்பர் லீக்’ என்றொரு போட்டியை அறிவித்தன. இங்கிலாந்தில் ஆறு, ஸ்பெயினில் மூன்று, இத்தாலியில் மூன்று. மொத்தம் இருபது இடங்கள். அவற்றுள் பதினைந்து நிறுவனர்களுக்கே நிரந்தரம். எத்தனை முறை தோற்றாலும் வெளியேற வேண்டியதில்லை! நிரந்தர இடம் கேட்ட ஆர்சனல் அந்தப் பருவத்தில் இங்கிலாந்து லீக்கில் எட்டாவதாக முடிந்தது. ஐந்தாவதாக முடிந்த லெஸ்டருக்கோ பட்டியலில் இடமில்லை. 2016இல் அந்த லீக்கையே வென்ற கழகம் அது.

நான் வேதியியல் மாணவன். விடையை முதலில் எழுதிவிட்டுச் செய்யும் சோதனையை எங்கள் ஆய்வுக்கூடத்தில் யாரும் சோதனை என்று ஒப்பமாட்டார்கள். கீழே விழும் அச்சமும் மேலே ஏறும் ஆசையும் இல்லாத ஆட்டமும் அப்படித்தான். கழகம் அவர்களுடையதாக இருக்கலாம். ஏணி எல்லோருக்கும் பொது. ஆகவே தண்டனை வேண்டும் என்பதே என் கட்சி.

ஆனால் யாருக்கு? இரசிகர்கள் செல்சியின் அரங்க வாசலில் திரண்டு எதிர்த்தார்கள். லிவர்பூல் ஆட்டக்காரர்களே தங்களுக்கு இது வேண்டாம் என்று பகிரங்கமாகச் சொன்னார்கள். இரண்டே நாளில் ஆறு இங்கிலாந்துக் கழகங்களும் பின்வாங்கின. பிறகு அந்த ஆறும் சேர்ந்து லீக்குக்குக் கொடுத்தது 2 கோடியே 20 இலட்சம் பவுன். தலைக்கு நாற்பது இலட்சம்கூடத் தேறாது. அவர்கள் ஒரு நல்ல ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் விலையில் அது ஒரு சிறு பங்கு. மீண்டும் முயன்றால் ஒவ்வொன்றுக்கும் இரண்டரைக் கோடி பவுன் அபராதம், முப்பது புள்ளிக் கழிவு என்றும் ஒப்பந்தமாயிற்று. முப்பது புள்ளி என்றதும் வங்காள நண்பரின் முகம் கறுத்தது. அவர் ஆர்சனல் இரசிகர். "நான் என்ன குற்றம் செய்தேன்?" என்றார். நியாயமான கேள்வி. முதலாளி செய்த பிழைக்குப் பந்தை உதைப்பவனும் பார்ப்பவனும் அழவேண்டுமா?

தண்டிப்பவர் யார் என்பதும் சிக்கல்தான். ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஃபா, விதி வகுக்கும் சங்கம் மட்டுமன்று. சாம்பியன்ஸ் லீக் நடத்திப் பணம் ஈட்டும் அமைப்புமாகும். பழைய கடைக்காரரே புதுக் கடைக்கு உரிமம் வழங்கலாமா? ஐரோப்பிய நீதிமன்றம் 2023 டிசம்பர் 21இல் இந்த இடத்தைத்தான் தொட்டது. சூப்பர் லீக்கை அனுமதித்தே தீரவேண்டும் என்று அது சொல்லவில்லை. தெளிவான அளவுகோல் இன்றி முன்அனுமதி கேட்கும் விதிகள் சட்டத்துக்கு மாறானவை என்றது.

பிரிட்டன் 2025இல் இயற்றிய கால்பந்துச் சட்டம் நல்ல வழி காட்டுகிறது. எந்தப் போட்டியில் கழகங்கள் சேரக்கூடாது என்று தடுக்கும் அதிகாரம் அங்கே தனியான ஒழுங்குமுறை அமைப்புக்கு வந்திருக்கிறது. அதோடு ஒன்று சேர்ப்பேன்: கையெழுத்திட்ட முதலாளியும் இயக்குநரும் சில ஆண்டுகள் எந்தக் கழகத்தின் நிர்வாகத்திலும் அமரக்கூடாது, அபராதமும் அவர்கள் சொந்தப் பணத்திலிருந்தே வரவேண்டும். புள்ளிகளைத் தொடவேண்டாம், அவை களத்தில் ஓடி ஈட்டியவை.