யாருடைய வசதிக்கு இந்தக் கொடி?

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் ஒரு முதலாளி சூளை நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் சர்க்கார் வந்து இப்படிச் சொல்லுகிறது: “ஐயா, உங்கள் சூளையைச் சோதிக்க வேண்டிய ஆய்வாளரை நீங்களே பொறுக்கிக்கொள்ளலாம். அவருக்குக் கூலியும் நீங்களே கொடுங்கள். அவருடைய கண்டிப்பு பிடிக்கவில்லையென்றால் நாளைக்கே வேறு ஆளை அமர்த்திக்கொள்ளுங்கள்.” நெய்வேலிக் களிமண்ணைப் பிசைந்து, தூசியைச் சுவாசித்து, அனல் தணியாத சூளையிலிருந்து சரக்கைப் பிரித்தெடுக்கும் நம் தொழிலாளி இதைக் கேட்டால் என்ன சொல்லுவான்? திருடன் கையில் சாவியைக் கொடுத்த கதையாக இருக்கிறதே என்பான்.

ஆனால் கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டுகிற ராட்சத ரிக்குகளின் விஷயத்தில் இந்தக் கேலிக்கூத்துதான் உலகெங்கும் முறையாக நடந்துகொண்டிருக்கிறது!

கடலுக்கும் விருத்தாசலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. காவிரிப் படுகை நம் கடற்கரையோடு முடிந்துவிடவில்லை. கடலுக்கடியிலும் நீண்டு கிடக்கிறது. அங்கே பி.ஒய்.3 என்ற வயலில் 1997 முதல் 2011 வரை எண்ணெய் எடுத்தார்கள். மும்பைக் கடலுக்கும் அரபு நாடுகளின் கடலுக்கும் ரிக் வேலைக்குப் போகிறவர்களில் நம் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய உயிருக்கு யார் காவல் என்பது நம்முடைய கேள்வியும்தான்.

கொடி வியாபாரம்

மிதக்கும் ரிக் சட்டத்தின் கண்ணுக்கு ஒரு கப்பல். கப்பலென்றால் ஒரு நாட்டின் கொடி வேண்டும். எந்த நாட்டின் கொடி பறக்கிறதோ, அந்த நாடுதான் அதன் கட்டுமானத்தையும், உயிர்காப்புப் படகுகளையும், தீயணைப்புக் கருவிகளையும், ஊழியரின் தகுதியையும் சோதித்துச் சான்று தரவேண்டும். கப்பலுக்கும் கொடிக்கும் மெய்யான தொடர்பு இருக்க வேண்டும் என்று 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தில் 91ஆவது ஷரத்து சொல்லுகிறது. கொடி நாட்டின் கடமைகளை 94ஆவது ஷரத்து அடுக்கடுக்காக விவரிக்கிறது.

ஏட்டிலே இருக்கிறது, நாட்டிலே இல்லை. நாகாலாந்து நம்பர் பலகையோடு தமிழ்நாட்டுச் சாலையில் ஓடும் ஆம்னி பஸ்களை நாம் பார்த்திருக்கிறோம். நாகாலாந்தின் மலைப்பாதையை அந்த பஸ்கள் என்றைக்காவது கண்டதுண்டா? வரி குறைவு, கெடுபிடி குறைவு. ஆகவே அந்த நம்பர். கப்பல் முதலாளிகள் செய்வதும் இதுவேதான். பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் ஆகிய மூன்று சிறு நாடுகளின் பதிவேடுகளே இன்று உலகில் மிகப் பெரியவை. இதற்கு ‘வசதிக் கொடி’ என்று பெயர். சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் 1948 முதல் இதை எதிர்த்துப் போராடி வருகிறது.

மார்ஷல் தீவுகளின் கதையைக் கேளுங்கள். 1946 முதல் 1958 வரை அமெரிக்கா 67 அணுகுண்டுகளை அந்தத் தீவுகளில்தான் வெடித்துப் பார்த்தது. அம்மக்களின் மண்ணையும் மீனையும் நஞ்சாக்கியது. இன்று அந்நாட்டின் பெயரால் நடக்கும் கப்பல் பதிவேட்டை நிர்வகிப்பது யார்? அமெரிக்காவில், வர்ஜீனியா மாகாணத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு தனியார் கம்பெனி! முன்பு மண்ணைப் பறித்தார்கள். பிறகு கொடியையும் கடைச் சரக்காக்கிவிட்டார்கள்.

பதினொரு பிணங்கள்

அந்தக் கொடியின் கீழ் இருந்த ரிக்குகளில் ஒன்றுதான் ‘டீப்வாட்டர் ஹொரைசன்’. தென்கொரியாவில் கட்டப்பட்டது. டிரான்ஸோஷன் கம்பெனிக்குச் சொந்தம். பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனியான பி.பி. வாடகைக்கு எடுத்தது. கிணறு தோண்டியது அமெரிக்கக் கடலில். 2010 ஏப்ரல் 20ந் தேதி இரவு கிணறு சீறி வெடித்தது. ரிக்கில் இருந்த 126 பேரில் 11 தொழிலாளிகள் மாண்டனர். இரண்டாம் நாள் ரிக்கே கடலில் மூழ்கியது.

கொடி நாடு என்ன செய்துகொண்டிருந்தது? தன் சோதனை வேலையைத் தரச்சான்று வழங்கும் சங்கங்களிடம் ஒப்படைத்திருந்தது. அந்தச் சங்கங்களை அமர்த்திக் கட்டணம் கொடுப்பது ரிக் முதலாளி! தன் பொறுப்பைக் கொடி நாடு நிறைவேற்றவில்லை என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் 2011ஆம் ஆண்டு அறிக்கையே கண்டித்தது. பதிவேட்டில் நேர்ந்த ஓர் எழுத்துப் பிழையால் அந்த ரிக் வேறு வகையில் சேர்க்கப்பட்டிருந்தது. அதன் விளைவாகக் கிணற்றோடு இணைந்திருக்கும்போது ஒருவர் தலைவர், ஆபத்து வந்தால் இன்னொருவர் தலைவர் என்ற இரட்டைத் தலைமை. தீ மூண்ட அந்த நேரத்தில் உத்தரவிட வேண்டியவர் யார் என்பதிலேயே குழப்பம். நடுநிசியில் பொய்யாக ஒலித்துத் தூக்கத்தைக் கெடுக்கிறதென்று பொது அபாய மணியை நிறுத்தி வைத்திருந்ததாக ரிக்கின் ஊழியர் ஒருவர் விசாரணையில் சாட்சி சொன்னார்.

அது நடந்து மூன்று வாரத்தில், 2010 மே 13ந் தேதி, வெனிசுலாக் கடலில் ‘அபான் பேர்ல்’ ரிக் மூழ்கியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அபான் கம்பெனியின் சிங்கப்பூர்க் கிளைக்குச் சொந்தமானது அது. 95 பேரும் உயிர் தப்பினார்கள். நல்ல வேளை! முதலாளி ஒரு நாட்டில், சொத்துப் பத்திரம் வேறொரு நாட்டில், கிணறு மற்றொரு நாட்டின் கடலில். விபத்து நேர்ந்தால் தொழிலாளியின் மனைவி எந்த நாட்டின் வாசலில் போய் நியாயம் கேட்பாள்?

சொந்தக் கொடி போதுமா?

“சொந்தக் கொடி ரிக்குகள் மட்டும் மூழ்கவில்லையா?” என்று கொடி வியாபாரிகள் கேட்பார்கள். மூழ்கியிருக்கின்றன. நாம் மறைக்கவில்லை. 1980ல் நார்வே நாட்டு ‘அலெக்சாண்டர் கீலாந்து’ கவிழ்ந்து 123 பேர் இறந்தார்கள். 1982ல் அமெரிக்கக் கொடியுடன் ‘ஓஷன் ரேஞ்சர்’ மூழ்கி, அதிலிருந்த 84 பேரும் இறந்தார்கள். பணக்கார நாட்டின் கொடி ஒன்றும் மந்திரத் தாயத்து அல்ல. சோதிக்கிறவன் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்பதுதான் கேள்வி.

1988ல் பிரிட்டிஷ் கடலில் ‘பைப்பர் ஆல்பா’ எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் மாண்டனர். அதை விசாரித்த நீதிபதி கல்லன் 1990ல் என்ன சொன்னார்? எண்ணெய் உற்பத்தியைப் பெருக்கும் இலாகாவிடமே பாதுகாப்பையும் விட்டுவைக்காதீர்கள், தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பிடம் மாற்றுங்கள் என்றார். மாற்றினார்கள். நார்வேயில் உடனடி ஆபத்தைக் கண்டால் வேலையை நிறுத்தும் அதிகாரம் தொழிலாளர் தேர்ந்தெடுத்த பாதுகாப்புப் பிரதிநிதிக்கு உண்டு. தொழிற்சங்கங்களின் பலம் இல்லாமல் அத்தகைய சட்டம் வருமா?

நம் நாட்டின் நிலை என்ன? கடலில் எண்ணெய் எடுக்கும் வேலைக்கு 2008ல் பாதுகாப்பு விதிகள் வந்தன. அவற்றை அமல் செய்யும் எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம் பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. உற்பத்தியை விரட்டும் அமைச்சகமே பாதுகாப்புக்கும் காவல்! பிரிட்டன் 1990களில் கைவிட்ட ஏற்பாட்டை நாம் இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறோம். 2021 மே மாதம் டவ்-தே புயலில் என்ன நடந்தது? எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தும், மும்பைக் கடலில் ஓ.என்.ஜி.சி. வேலைக்காக இருந்த பி-305 மிதவையும் வரப்பிரதா இழுவைப் படகும் மூழ்கி 86 பேர் மாண்டனர். ஒப்பந்தம், அதற்குள் ஒப்பந்தம் என்ற சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நின்ற தொழிலாளிகள் அவர்கள்.

இங்கேயும் ‘வசதி’தான்

இப்போது விருத்தாசலம் சூளைக்குத் திரும்புவோம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தை ஒழித்துவிட்டு, 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை மத்திய சர்க்கார் அமலுக்குக் கொண்டுவந்திருக்கிறது. அவற்றில் ஆய்வாளருக்குப் புதிய பட்டம் சூட்டியிருக்கிறார்கள்: ‘ஆய்வாளரும் வசதி செய்து கொடுப்பவரும்’! அங்கே வசதிக் கொடி. இங்கே வசதி ஆய்வாளர். யாருக்கு வசதி? சூளை பிரிப்பவனுக்கா, சூளைக்குச் சொந்தக்காரனுக்கா?

ஆகவே நாம் கேட்பது இதுதான். எந்த நாட்டின் கொடி பறந்தாலும், நம் கடலில் துளையிடும் ரிக் நம் சட்டத்துக்கும் நம் ஆய்வாளருக்கும் முழுமையாகக் கட்டுப்பட வேண்டும். கடலடி நிலத்தில் நிறுவப்படும் மேடைகள் மீது கரை நாட்டுக்கே பாதுகாப்பு அதிகாரம் என்று அதே ஐ.நா. ஒப்பந்தத்தின் 60, 80ஆவது ஷரத்துகள் சொல்லுகின்றன. அந்த உரிமையைத் துளையிடும் ரிக்குகள் மீதும் சர்க்கார் தயக்கமின்றிச் செலுத்தட்டும். பாதுகாப்பு இயக்ககத்தைப் பெட்ரோலிய அமைச்சகத்திலிருந்து பிரித்துத் தனி அமைப்பாக்க வேண்டும். சோதனை அறிக்கைகளைப் பகிரங்கப்படுத்த வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் உள்பட எல்லோரும் தேர்ந்தெடுக்கும் பாதுகாப்புப் பிரதிநிதிகள் வேண்டும். ஆபத்தைக் கண்டால் வேலையை நிறுத்தும் அதிகாரம் அவர்களுக்கு வேண்டும். ரிக்கிலும் வேண்டும், பீங்கான் சூளையிலும் வேண்டும்.

கடல் நடுவே தீ மூளும்போது வர்ஜீனியாக் கம்பெனி ஓடிவராது. பக்கத்தில் நிற்கிற தொழிலாளிதான் கை கொடுப்பான். அபாயத்தை முதலில் பார்க்கிறவனும் அவனே. “நிறுத்து!” என்று சொல்லும் உரிமையை அவன் கையில் கொடுங்கள் என்கிறோம். தானாக அது வராது. ஒன்றுபட்டுப் போராடித்தான் அதைப் பெற வேண்டும்.