ஐந்தெழுத்துச் சொற்களும் நமது கடமையும்

கடலூர் என்று தமிழில் எழுத நான்கு எழுத்துகள் போதும். ஆங்கிலத்தில் எழுதவோ ஒன்பது எழுத்துகள் வேண்டும். சிதம்பரம் தமிழில் ஆறெழுத்து, ஆங்கிலத்தில் பதினோரெழுத்து. ரயில் நிலையப் பலகைகளில் இவ்விரு பெயர்களையும் காணும் நாம், இரண்டிற்கும் பொதுவான ஆங்கில எழுத்துகள் எவை என்று எண்ணிப் பார்த்ததுண்டா? சி, ஏ, ஆர், டி என்னும் நான்குமே அவை. அவற்றை இவ்வரிசையிலேயே சேர்த்தால் 'கார்டு' என்ற சொல் கிடைத்துவிடுகிறது!

'இன்ன எழுத்துகள் வரவேண்டும். சொல்லின் நீளம் இத்தனை எழுத்து' என்று விதி வைத்துச் சொல் தேடும் விளையாட்டு மாணவியர்க்கு மிகவும் பிடித்தமானது. 2021-ஆம் ஆண்டில் ஜோஷ் வார்டில் என்பவர் வெளியிட்ட 'வேர்டில்' என்னும் புதிரும் இவ்வகையினதே. ஐந்தெழுத்துச் சொல் ஒன்றை ஆறு முயற்சிகளுக்குள் கண்டுபிடிக்கவேண்டும். சில மாதங்களுக்குள் அது உலகெங்கும் பரவிவிட்டது.

இது மேல்நாட்டாருக்கே உரிய வழக்கம் என்று கருதவேண்டாம். விருத்தாசலம் பக்கத்துக் கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவர், 1732-இல் சதுரகராதியை இயற்றினார். பெயர், பொருள், தொகை, தொடை என அதற்கு நான்கு பகுதிகள். தொடைப் பகுதியில் எதுகையால் ஒன்றுபடும் சொற்களை வரிசைப்படுத்தி வைத்தார். இத்தாலியில் பிறந்த ஒருவர், நம் மொழியின் எழுத்தொற்றுமையை இவ்வளவு நுட்பமாக ஆராய்ந்தார் என்றால், ஆங்கிலம் கற்கும் நாம் அஞ்சுவானேன்?

ஒரு பயிற்சியைச் செய்து பார்ப்போம். சொல்லில் ஐந்தெழுத்து இருக்கவேண்டும்; அவற்றுள் சி, ஆர் என்னும் இரண்டும் வரவேண்டும். சிலுவையைக் குறிக்கும் 'கிராஸ்' உடனே நினைவுக்கு வரும். அருளைக் குறிக்கும் 'கிரேஸ்', இரக்கத்தைக் குறிக்கும் 'மெர்சி', விசுவாசப் பிரமாணமாகிய 'கிரீட்', பாடகர் குழுவாகிய 'குவயர்' என நம் ஆலயத்திலிருந்தே ஐந்து சொற்கள் கிடைக்கின்றன.

இவற்றுள் சி என்னும் ஒரே எழுத்து 'கிராஸ்' என்பதில் ககரமாக ஒலிக்கிறது; 'மெர்சி' என்பதில் சகரமாக ஒலிக்கிறது. 'குவயர்' என்பதைக் காதால் கேட்டு எழுதுபவர் அதில் சி இருக்கும் என்று கனவிலும் நினைக்கமாட்டார். ஆகவே எழுத்துப் பிழை செய்யும் மாணவியை மந்தபுத்திக்காரி என்று எண்ணுவது தவறு. கடல், அகல், சங்கு என்னும் மூன்றிலும் நம் ககரமும் ஒரே விதமாகவா ஒலிக்கிறது? தமிழை முதன்முதல் கற்பவரும் இங்கே தடுமாறத்தான் செய்வார்.

அதே விதிக்குப் பொருந்தும் வேறு மூன்று சொற்களையும் பாருங்கள். 'கறி', 'கொப்பரை', பாக்கைக் குறிக்கும் 'அரிக்கா' ஆகியவையும் ஆங்கிலத்தில் ஐந்தெழுத்தே. அவற்றிலும் சி, ஆர் உண்டு. எழுத்து வேறாயினும் ஐந்தெழுத்தாலேயே அமைந்தவை மாங்காயிலிருந்து பிறந்த 'மாங்கோ'வும், வெற்றிலையிலிருந்து பிறந்த 'பீட்டில்' என்பதும். இவை தமிழும் மலையாளமும் தம் அடுக்களையிலிருந்தும் தோப்பிலிருந்தும் உலகிற்குத் தந்த சொற்கள். இவற்றுள் பெரும்பாலானவற்றை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றவர் போர்த்துகீசியர். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே உள்ள பரங்கிப்பேட்டைக்கு அவர்கள் இட்ட பெயர் போர்ட்டோ நோவோ. 'புதிய துறைமுகம்' என்பது அதன் பொருள். 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கி ஆங்கிலேயர் குடியேறிய கரையும் நம் கரையே. ஆங்கிலம் நம்மிடம் சொல் கடன் வாங்கிய மொழி. கடன் கொடுத்த வீட்டார் கூனிக் குறுகி நிற்க வேண்டுவதில்லை!

ஆனால் நாம் வருந்த வேண்டியது ஒன்று உண்டு. சொற்போட்டி என்றதும் நம்மில் பலர் பட்டியலை மனப்பாடம் செய்கிறோம். எண்ணிக்கை மிகுந்தவருக்குப் பரிசு; மறுவாரம் சொல்லும் மறந்துவிடுகிறது. நூறு சொல் ஒப்பித்த மாணவி, விடுப்புக் கேட்டு நான்கு வரி எழுதச் சொன்னால் திகைக்கிறாள். வீட்டில் ஆங்கிலம் சொல்லித்தர எவருமில்லாத மாணவியோ, போட்டி தொடங்கும் முன்பே கடைசி வரிசைக்குப் போய்விடுகிறாள். அவள் இழப்பது பரிசை மட்டுமன்று; நாளை கல்லூரியிலும் அலுவலகத்திலும் வாய்திறக்கும் துணிவையும் இழக்கிறாள்.

மனப்பாடம் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. நினைவாற்றல் இன்றிக் கல்வி இல்லை. சொல்லைக் கண்டுபிடித்தால் ஒரு மதிப்பெண், பொருள் கூறினால் இரண்டு, சொந்தமாக ஒரு வாக்கியம் அமைத்தால் மூன்று என்று வைத்தால் என்ன? தனித்தனியே போட்டியிடாமல், வல்லவளும் மெல்லவளும் ஒரே குழுவில் அமர்ந்தால் என்ன? அப்பொழுது பத்துச் சொல் அறிந்தவளும் தலைநிமிர்ந்து பேசுவாள். பெற்றோரும், "இன்று எத்தனை சொல் படித்தாய்?" என்று கேட்பதை விடுத்து, "இன்று படித்த ஒரு சொல்லின் பொருளை எனக்குச் சொல்லம்மா" என்று கேட்கலாம். ஆங்கிலம் அறியாத தாயும் அன்று தன் மகளிடம் பாடம் கேட்பாள். அதைவிட மகளுக்குப் பெருமை வேறென்ன?

தாலந்து உவமையை நாம் அறிவோம். பெற்ற தாலந்தை மண்ணில் புதைத்தவனைத் தலைவன் பாராட்டவில்லை. பரிசுக்காகப் படித்து மறக்கும் சொல்லும் புதைத்த தாலந்தே. கிரேஸ், மெர்சி என்னும் ஐந்தெழுத்துச் சொற்களை எழுத மட்டுமன்று, பக்கத்தில் அமர்ந்து தடுமாறும் தோழிக்குக் கைகொடுத்து வாழ்ந்து காட்டவும் கற்போமாக!