அணில் குரலில் ஒரு பாடம்



விலங்குகள் கிடாரும் மேளமும் வாசித்துப் பாடும் கேலிச்சித்திரத் தொடர்களைப் பார்ப்பது வீண்பொழுது என்று பெரியவர்கள் கடிந்துகொள்வதுண்டு. பார்ப்பது வீணல்ல, ஒரு கேள்வியும் கேட்காமல் எழுந்து போவதுதான் வீண் என்பது என் கருத்து.

தமிழ்த் திரையிலும் இத்தகைய விலங்குகள் தோன்றியுள்ளன. 1989-இல் ஏவி.எம். தயாரித்த ‘ராஜா சின்ன ரோஜா’ படத்தின் ஒரு பாடலில் ரஜினிகாந்துடன் அவை வந்தன. ஆயினும் இவ்வகைப் பாட்டுக் குழுக்களுள் உலகப் புகழ் பெற்றது அமெரிக்காவின் ஆல்வின், சைமன், தியோடர் என்னும் மூன்று சிப்மங்குகளின் குழுவே. சிப்மங்க் என்பது நம் அணிலின் குடும்பத்தைச் சேர்ந்த, முதுகில் கோடுகளுள்ள சிறு பிராணி. 1958-இல் இசைத்தட்டில் பிறந்த இக்குழு, 1961-இல் தொலைக்காட்சித் தொடராயிற்று.

அந்தக் கீச்சுக்குரல் எப்படி வந்தது? ராஸ் பாக்டசாரியன் என்ற இசைக்கலைஞர் ஒலிநாடாவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, நிதானமாகப் பாடிப் பதிவு செய்தார். பிறகு அதே நாடாவை இயல்பான வேகத்தில் ஓட்டினார். ஒவ்வோர் அதிர்வும் பாதி நேரத்தில் முடிந்தது, அதிர்வெண் இருமடங்காயிற்று. 200 ஹெர்ட்ஸ் 400 ஹெர்ட்ஸ் ஆனது. சங்கீத மொழியில் சொன்னால், கீழ் ஸட்ஜம் மேல் ஸட்ஜமாயிற்று.

ஆனால் உச்சஸ்தாயியில் பாடும் பாடகரின் குரல் அணில் குரலாக ஒலிப்பதில்லையே, ஏன்? அப்போது குரல்நாண்களின் அதிர்வெண் கூடுகிறதே தவிர, தொண்டையிலிருந்து உதடு வரையுள்ள குழாய் பெரிதாகச் சுருங்கிவிடுவதில்லை. வளர்ந்த ஆணுக்கு அதன் நீளம் சுமார் 17 செ.மீ. ஒரு முனை மூடிய குழாயாக அதைக் கொள்ளுங்கள். ஒலியின் வேகமான 340 மீட்டரை, குழாய் நீளத்தின் நான்கு மடங்கான 0.68 மீட்டரால் வகுத்தால், முதல் ஒத்ததிர்வு 500 ஹெர்ட்ஸ் எனக் கிடைக்கும். நாடாவோ இதையும் 1000 ஆக்கிவிடுகிறது. அதற்குரிய குழாயின் நீளம் 8.5 செ.மீ. மட்டுமே. ஆகவே நம் செவி, ‘பாடுவது ஒரு சிறிய உருவம்’ என்று தீர்ப்பளிக்கிறது!

விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் என் வகுப்புக்கு வரும் மாணவர்கள் பலர், கைபேசியில் பாடக் காணொலிகளை இருமடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பவர்கள். “அப்போது ஆசிரியரின் குரல் ஏன் அணில் குரலாவதில்லை?” என்று அவர்களைக் கேட்பேன். ஒத்ததிர்வுச் சமன்பாட்டைப் பிழையின்றி எழுதுகிறவர்களும் இங்கே திகைத்து நிற்கிறார்கள். கைபேசியின் மென்பொருள் ஒலியை மிகச் சிறு துண்டுகளாக நறுக்கி, நெருக்கி ஒட்டுகிறது. துண்டுக்குள் இருக்கும் அதிர்வுகளின் வேகத்தை அது மாற்றுவதில்லை. எனவே பேச்சு விரைகிறது. சுருதி அப்படியே நிற்கிறது.

எனக்குக் கவலை தருவது இதுதான். பழைய நாடா தன் விதியை நம் காதில் போட்டு உடைத்தது. இன்றைய கருவியோ விதியைச் சாமர்த்தியமாக மறைத்துவிடுகிறது. மறைந்திருப்பதைக் கேள்வி கேட்டுத்தான் வெளியே கொண்டுவர வேண்டும். ஆகவே ஒலியியல் பாடம் கரும்பலகைச் சமன்பாட்டில் தொடங்கக் கூடாது. காதில் தொடங்க வேண்டும். ‘தேர்வில் இதற்கு மதிப்பெண் உண்டா?’ என்பீர்கள். காதால் கேட்டுப் புரிந்துகொண்டவனுக்குச் சமன்பாடு மறக்காது என்பதே என் பதில்.

இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டாம். குழாயடியில் குடம் நிரம்ப நிரம்ப அதன் ஓசை ஏறுவதைக் கவனியுங்கள். உள்ளே உள்ள காற்றின் இடம் குறையக் குறையச் சுருதி உயர்கிறது. ஆல்வினின் குரலுக்கும் அந்தக் குடத்துக்கும் உள்ள உறவை உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதி, நாளை உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.