ஆலோசகரை அமர்த்துமுன்

ஒரு பெரிய ஸ்தாபனம் தன் கணக்கு, சம்பளம், கொள்முதல், சரக்கிருப்பு முதலிய காரியங்களை மென்பொருளுக்கு மாற்றத் தீர்மானித்தவுடன், அதை நிறைவேற்றித் தருவதாக ஆலோசனைக் கம்பெனிகள் பல முன்வருகின்றன. அவற்றுள் எதை அமர்த்துவது என்பதை விலைப் பட்டியல்களை ஒத்துப் பார்த்து முடிக்கத்தக்க சில்லறை விஷயமாகவே பலர் கருதுகின்றனர். அக்கருத்து எத்துணை ஆபத்தானது என்பதற்கு ஆஸ்திரேலியாவில் க்வீன்ஸ்லாந்து மாகாண சர்க்கார் அடைந்த அனுபவமே போதிய சான்றாகும்.

அம்மாகாண சுகாதார இலாகாவில் ஏறக்குறைய 78,000 பேர் உத்தியோகத்திலிருந்தனர். அவர்களுடைய சம்பளக் கணக்கைப் புதுப்பிக்கும் வேலை 2007 டிசம்பரில் ஐ.பி.எம். கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டது. முதலில் குறித்த தொகை சுமார் 62 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். குறித்த கெடு 2008-ஆம் வருஷத்தின் நடுப்பகுதி. அமலுக்கு வந்ததோ 2010 மார்ச்சில். வந்ததும் என்ன நேர்ந்தது? இராப்பகலாக நோயாளிகளைக் காக்கும் தாதியரில் சிலருக்குச் சம்பளம் குறைந்தது, சிலருக்கு மிகுந்தது, சிலருக்கு வரவேயில்லை. அப்பிழையைச் சீர்செய்யவும் நடத்தவும் சர்க்காருக்கு ஆகும் செலவு சுமார் 120 கோடி டாலர் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. அவ்வளவும் பிரஜைகளின் வரிப்பணம்.

இதை விசாரித்த ரிச்சர்ட் செஸ்டர்மன் கமிஷன் 2013-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. கம்பெனியை அமர்த்திய முறையையே அது கண்டித்தது. கம்பெனி தன்மீது சாட்டிய குற்றத்தை மறுத்தது. எனினும், நாம் முக்கியமாகக் கவனிக்கத்தக்கது வேறொன்று. அவசியமற்ற அவசரமும், சர்க்கார் உத்தியோகஸ்தரின் அசிரத்தையுமே மூல காரணங்கள் என்று கமிஷன் முடிவு செய்தது. அதாவது, வேலை கொடுத்தவர்களே தங்களுக்கு வேண்டியது இன்னதென்று தீர அறிந்து சொல்லவில்லை; செய்பவர்களைக் கண்டிப்பாகக் கணக்குக் கேட்கவுமில்லை. அங்கே சம்பள விதிகளின் சேர்க்கைகள் மட்டும் 24,000-க்கு மேற்பட்டவை. அவற்றை வரையறுத்து முடிக்குமுன் விலையும் கெடுவும் பேசுவது, அஸ்திவாரம் பாராமல் மாடிக்கு விலை பேசுவதேயன்றி வேறென்ன?

“பழைய இயந்திரம் பழுதாகிவிட்டது, இனிப் பொறுக்க இயலாது” என்று சிலர் வாதிப்பர். பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் வாக்கு. குறைகள் தெரிந்திருந்தும் அமலுக்கு விட்ட அவசரத்தால் க்வீன்ஸ்லாந்துக்கு ஒரு நாளேனும் மிச்சப்பட்டதா? வருஷக்கணக்கில் அல்லவா நஷ்டம்!

ஆகவே, ஆலோசகரைத் தேடுமுன் நமது தேவையை நாமே எழுதி முடிக்க வேண்டும். பேச வரும் வாய்ச்சாலகர் வேறு, வேலைக்கு வருவோர் வேறாக இருப்பது சகஜமாதலால், வேலை செய்யப் போகிறவர்களையே நேரில் கண்டு வினவ வேண்டும். அக்கம்பெனியை முன்பு அமர்த்தியவர்களிடம், சிறப்பாகச் சங்கடப்பட்டவர்களிடம், விசாரிக்க வேண்டும். பழைய கணக்கையும் புதிய கணக்கையும் சேர்த்து நடத்தி, இரண்டும் ஒத்து வந்த பின்னரே பணத்தின் பெரும்பகுதியைத் தர வேண்டும். நம் ஆட்கள் தொழிலைக் கற்றுக்கொண்டு, ஆலோசகர் போன பின்பும் தாமே நடத்தும் ஏற்பாடு ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் இடும் கையெழுத்தும் விளையாட்டன்று. 2010-இல் கம்பெனியுடன் சமரசம் செய்துகொண்ட க்வீன்ஸ்லாந்து சர்க்கார் பின்னர் நஷ்டஈடு கேட்டபோது, அச்சமரசம் சர்க்காரைக் கட்டுப்படுத்துமென்று 2015-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கைவிட்ட உரிமை கைவிட்டதே.

ஆலோசனையை விலைக்கு வாங்கலாம். பொறுப்பை விலைக்கு வாங்கவோ விற்கவோ இயலாது. பிறர் பணத்தையும் பிறர் ஊதியத்தையும் கையில் வைத்திருப்போர் இதை ஒருபோதும் மறத்தலாகாது என்பதே நமது துணிபு.