மலைநாட்டுக்கு ஏற்ற விமானம்

நின்ற இடத்திலிருந்தே நேரே எழுந்து, நேரே இறங்கும் தனியாள் விமானத்தைச் செல்வரின் விளையாட்டுப் பொருள் என்பர் சிலர். நான் அதற்கு உடன்படேன். 2025 நவம்பரில் ‘டிட்வா’ புயல் கண்டி மாவட்டத்து மலைகளைச் சரித்துப் பாதைகளைத் துண்டித்தபோது, ஹெலிகொப்டரின் அருமையை நாம் கண்டோம். கலஹா, தெல்தோட்டைச் சரிவுகளில் ஓடுபாதைக்குச் சமதரை ஏது?

ஆனால் விசிறி சிறுத்தால், அந்தரத்தில் நிற்பதற்கே ஆற்றல் மிகுதியாகச் செலவாகும், மின்கலமும் கனக்கும். அகன்ற விசிறிக்குக் குறைந்த ஆற்றலே போதும். ஆகவே, பேராதனைப் பொறியியற் பீடத்து இளைஞர்களே, வேகமும் ஒய்யாரமும் பிறகு வரட்டும். ஒரு நோயாளியைச் சுமந்து ஒரு பள்ளத்தாக்கைக் கடக்கும் விமானத்தை முதலில் வடிவமையுங்கள். இராவணனின் புட்பக விமானத்தைச் சொல்லிப் பெருமை கொள்ளும் நாட்டில், லயத்து நோயாளிக்கு ஒரு விமானம் கேட்பது பேராசை ஆகாது.