டப்பாவுக்குள் போன சக்கரம்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் காசை எண்ணுவதற்கென்றே ஒரு பலகை உண்டு. உண்டு என்பதைவிட இருந்தது என்பதே சரி. கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் இந்தத் தெரு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் அமைத்தது. தமிழ் வியாபாரிகள் வேரூன்றிய தெரு. இதைக் கதைகளாக்கிய ஆ. மாதவனே இங்கே கடை வைத்திருந்தவர்தான். 1949இல் சமஸ்தானம் இணையும் வரை இங்கே திருவிதாங்கூரின் சொந்தப் பணம் புழங்கியது. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய் என்றால் இருபத்தெட்டரைச் சக்கரம். இரண்டு கணக்கையும் மனதிலேயே மாற்றிப்போடத் தெரியாதவர் சாலையில் கடை வைக்க முடியாது.

வெள்ளிச் சக்கரம் அரை கிராம்கூடக் கனக்காத பொடிக்காசு. விரலால் பொறுக்கி எண்ணினால் பொழுது போய்விடும். அதனால்தான் பலகை. காசு அளவுக்குக் குழி குழியாகக் குடைந்திருப்பார்கள். ஒரு பிடி சக்கரத்தை அதன் மேல் கொட்டிக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துகொள்ளும், மிச்சம் வழிந்துவிடும். குழிகள் நிறைந்தால் கணக்கு சரி. பழகிய கண்ணுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. ஒரே பார்வையில் கள்ளக்காசு தனியாகத் தெரியும்.

அந்தக் கண்ணின் வேலையை இப்போது பிளாஸ்டிக் டப்பா செய்கிறது. நாணயச் சேகரிப்பாளர்கள் இதை ‘ஸ்லாப்’ என்கிறார்கள். காசை ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினால், நிபுணர்கள் சோதித்து, அசல்தான் என்று சொல்லி, 1 முதல் 70 வரை ஒரு மதிப்பெண் போட்டு, பிரிக்க முடியாத பெட்டிக்குள் வைத்து முத்திரையிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். 60க்கு மேல் என்றால் அச்சுக்கூடத்தை விட்டு வந்த பின் கைமாறித் தேயாத காசு. 70 என்றால் குறையே இல்லாதது. இந்த 70 எங்கிருந்து வந்தது என்பது சுவாரஸ்யம். 1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர், தம் நாட்டின் பழைய செப்பு சென்ட்டுகளுக்காக வகுத்த கணக்கு இது. 1 மதிப்பெண் காசைப் போல் 70 மடங்கு விலை பெறுவது 70 மதிப்பெண் காசு என்பது அவர் கருத்து. விலைக் கணக்கு சீக்கிரமே பொய்த்துவிட்டது, எண் மட்டும் நிலைத்துவிட்டது. 1986இல் பிசிஜிஎஸ், 1987இல் என்ஜிசி என்ற இரு அமெரிக்க நிறுவனங்கள் அந்த எண்ணைப் பெட்டிக்குள் அடைத்து வியாபாரமாக்கின.

முதல் ஸ்லாப்பைப் பற்றிக் கேட்டால் சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் காசைப் பற்றிப் பேசுவதில்லை. காத்திருந்ததைப் பற்றிப் பேசுவார்கள். அனுப்பிய பிறகு வாரக்கணக்கில் தூக்கம் போனது, பார்சலைப் பிரிக்கும்போது கை நடுங்கியது, எதிர்பார்த்ததைவிட எண் நாலைந்து குறைந்திருந்தது. பரீட்சை முடிவு போலத்தான். எழுதியது காசு, தேறவேண்டியது அதன் சொந்தக்காரர்.

நம் ஊர்ப் பரீட்சையில் தோல்விக்கு ஒரு தனிக் காரணம் உண்டு: புளி. வீட்டிலுள்ள வெள்ளியும் செம்பும் விசேஷ நாளில் பளபளக்க வேண்டும் என்பது நம்முடைய ஒழுங்கு. புளி போட்டு, சாம்பலோ விபூதியோ தொட்டுத் தேய்த்துவிட்டுத்தான் பூஜை. பாட்டி அறுபது வருடம் பத்திரமாகக் காத்த ரூபாயைப் பேரன் அனுப்பி வைக்கிறான். அது எண் இல்லாமல் திரும்பி வருகிறது: அசல்தான், ஆனால் துலக்கப்பட்டது. காலம் ஏற்றிய மேல்நிறம் போனால் மதிப்பெண்ணும் போயிற்று. காசுமாலையில் கோக்க வளையம் பற்றவைத்ததும், குழந்தையின் அரைஞாணுக்காகத் துளையிட்டதும் அதே கதிதான். ஒரு வீட்டில் யாரும் நினைக்காமல் அலமாரி மூலையில் கிடந்த காசு நல்ல எண் வாங்கும், எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்ட காசு தோற்கும். முதல் ஸ்லாப்பில் பலர் படித்த பாடம் இது. கசப்பானதுதான், ஆனால் நியாயமில்லாதது என்று சொல்ல முடியாது. தேய்த்தபின் போன உலோகம் திரும்பாது.

அந்நிய நிறுவனத்தின் முத்திரை எதற்கு என்று கேட்பவர்களுக்கு 1939ஆம் வருட வெள்ளி ரூபாயே பதில். ஆறாம் ஜார்ஜ் தலை பொறித்த ரூபாய்களில் மிக அரிதானது. 1938இன் கடைசி இலக்கத்தை 9 ஆக மாற்றிவிடும் கைவேலைக்காரர்கள் நாட்டில் குறைவில்லை. சேமிப்பைக் கொட்டி அதை வாங்குபவருக்குக் கண்ணில் தைரியம் வேண்டும், அல்லது கையில் ஸ்லாப் வேண்டும்.

நாணயத்தைச் சோதிப்பவனுக்குத் தமிழில் ‘வண்ணக்கன்’ என்று பெயர். சங்கப் புலவர்களிலேயே சிலர் பெயரோடு அந்தத் தொழில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் ஒருவர் போதும் சாட்சிக்கு. ஆனால் வண்ணக்கன் பார்த்தது மாற்றையும் எடையையும். ஒரு காசு யாருடையது, எப்போதையது என்று படிப்பது வேறு கலை. அதில் பேர்பெற்றவர் ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. அந்தப் பத்திரிகை 1951இல் தொடங்கியதும் இதே திருவனந்தபுரத்தில்தான். 2021இல் மறைந்த அவர், 1980களில் ஒரு சதுரச் செப்புக் காசில் தமிழ்-பிராமி எழுத்தில் ‘பெருவழுதி’ என்ற பெயரைப் படித்தார். சங்கப் பாண்டியர் காசு வெளியிட்டனரா என்ற கேள்விக்கு அந்த ஒரு காசு பதில் சொன்னது. அழகுப் போட்டியில் நிறுத்தினால் அதற்குப் பெரிய எண் கிடைக்குமா என்பது சந்தேகம். மண்ணில் கிடந்த செம்பு, மேலே படிந்ததை நீக்காமல் எழுத்தைக் காட்டுவதும் அபூர்வம்.

சாலைக்காரர்களின் சக்கரத்துக்கு வேறொரு முட்டுக்கட்டை. 1972ஆம் வருடத் தொன்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டைக் கடந்த நாணயம் தொன்பொருள். தனியார் அதை நாட்டை விட்டு அனுப்பக்கூடாது, பரிசோதனைக்காக என்றாலும். கலிபோர்னியாவுக்கோ புளோரிடாவுக்கோ தபாலில் போட்டால் குற்றம். நாட்டின் செல்வம் கசிந்துவிடாமல் இருக்கப் போட்ட சட்டம், தேவையானதும்கூட. ஆனால் அதன் விளைவு விசித்திரம். எப்போதோ கடல் கடந்து போன திருவிதாங்கூர் காசு டப்பாவும் எண்ணுமாக ஏலத்தில் தலைநிமிர்ந்து நிற்கிறது. ஊரைவிட்டு நகராத காசு காகிதப் பொட்டலத்தில் கிடக்கிறது.

இந்த எல்லைக்கோடு வருடந்தோறும் நகர்கிறது. ஸ்ரீமூலம் திருநாள் மறைந்தது 1924 ஆகஸ்டில். அவர் ஆட்சியில் அச்சான காசுகள் எல்லாமே 2024 ஆகஸ்டோடு நூறைத் தாண்டிவிட்டன. அவருடைய ‘ஆர்.வி.’ முத்திரை போட்ட செப்புக் காசுகள் பலவற்றில் ஆண்டு கிடையாது, வயதை நிரூபிப்பதும் தலைவலிதான். தொன்பொருள் அல்ல என்ற சான்றிதழுக்குத் தொல்லியல் துறையை அணுக வேண்டும்.

அடுத்து ஆண்ட சித்திரைத் திருநாளின் வெள்ளிக் காசுகளில் சங்கு முத்திரையோடு கொல்லம் ஆண்டும் உண்டு. ஆகவே வயதில் தகராறு இல்லை. 1116 என்று பொறித்த அரை ரூபாய்க்கு 2040 வரை அவகாசம் இருக்கிறது, அதுவரை யாரும் புளி போட்டுத் தேய்க்காமல் இருந்தால்.