முதலில் அட்ரினலின்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷெட் கூரைக்குத் தகடு மாற்ற ஏறிய ஒடிசா இளைஞர் ஒருவரை ஒருமுறை என்னிடம் தூக்கி வந்தார்கள். கடந்தை கொட்டியது ஒரே இடத்தில்தான். உள்ளங்கை அரிப்பு, கம்மிய குரல், விரலுக்குச் சிக்காத நாடி. "அவில் போட்டாச்சு சார்" என்றார் மேஸ்திரி. அவில் அரிப்பைத் தணிக்கும். சரிந்த ரத்த அழுத்தத்தைத் தூக்காது. தொடையில் அட்ரினலின் போட்ட பிறகே கண் திறந்தார்.

இவருக்கு மறுபடி கொட்டினால்? கொட்டும் பூச்சியின் நஞ்சையே சிறுகச் சிறுக ஊசியில் ஏற்றி உடம்பைப் பழக்கும் சிகிச்சை உண்டு. முன்பு பூச்சியை முழுசாக அரைத்த சாற்றைத்தான் போட்டார்கள். அதனால் பயனில்லை, தூய நஞ்சே காக்கிறது என்று 1978-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் காட்டினார்கள். எட்ட வேண்டிய அளவு 100 மைக்ரோகிராம். வாரம் ஓர் ஊசி என்றால் மாதக்கணக்காகும். விரைவு முறையில் சில நாள், அதிவிரைவு முறையில் சில மணி நேரம். அதன்பின் மாதாமாதம், 3 முதல் 5 ஆண்டு.

வாராவாரம் கூலியை இழக்க ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கட்டுப்படியாகாது. எனவே விரைவு முறையை நான் ஆதரிக்கிறேன், ஆனால் எந்த கிளினிக்கிலும் செய்யலாம் என்று சொல்ல மாட்டேன். குளவி நஞ்சைவிடத் தேனீ நஞ்சு முரடு. சிகிச்சை ஊசியே ஆளைச் சாய்த்துவிடலாம். ரத்த அழுத்தத்தைப் பார்த்தபடி, அட்ரினலினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும்.

அந்த நஞ்சு மருந்தோ இந்தியாவில் லேசில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் மேலைநாட்டுத் தேனீயிலும் குளவியிலும் எடுத்தது. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தொங்கும் நம்மூர் மலைத்தேனீயும் பனைமரத்துக் கடந்தையும் வேறு இனம்.

நம்மூர்ப் பூச்சிகளுக்கான மருந்து வரும்வரை என்ன செய்வது? 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆம்புலன்ஸ் அறை வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. அந்த அறையில் அட்ரினலின் இருக்கிறதா? பெரியவர்களுக்கு அரை மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். எழுப்பி நடத்தாதீர்கள், அதிலேயே உயிர் போனவர்கள் உண்டு. உடனே 108. கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 45 கிலோமீட்டர், அதுவும் லாரிகள் நெரியும் ஜி.என்.டி. சாலையில்.

ஆலை நிர்வாகிகள் இந்த வாரமே மருந்து அலமாரியைத் திறந்து பாருங்கள். ஆம்பூல் இருந்தால் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

- கட்டுரையாளர், ஒவ்வாமை சிகிச்சை மருத்துவர்